ஹோலோகாஸ்ட்டில் தொலைந்த யூத உறவினர்களைத் தேடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பெரும்பாலானோர் தேடலை, போலந்தில் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் முகாமில் தொடங்குகிறார்கள். முகாமின் தேடல் பக்கத்தில் தாத்தாவின் அண்ணன் பெயரைத் தட்டுகிறார்கள். ஒன்றும் வருவதில்லை. ‘ஆவணமெல்லாம் எரிந்துபோயிருக்கும்’ என்று அதோடு விட்டுவிடுகிறார்கள். அந்த மனிதரைப் பற்றிய காகிதங்கள் வேறு இடங்களில் அப்போதும் இருக்கக்கூடும்.

ஹோலோகாஸ்ட்டில், அதாவது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நாஜி ஜெர்மனி நடத்திய இனப்படுகொலையில், கொல்லப்பட்ட சுமார் 60 லட்சம் யூதர்களில் மிகப் பலருக்கு, இறந்த இடத்தில் எந்தப் பதிவும் கிடையாது. ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டவர்கள் சுமார் 11 லட்சம் பேர். அங்கே கைதி எண் கொடுக்கப்பட்டவர்கள் சுமார் 4 லட்சம் பேர்தான். ரயிலிலிருந்து இறங்கியதும் நேரே நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ட்ரெப்ளிங்கா, சொபிபோர், பெல்ஸெக் போன்ற கொலைமுகாம்களில் வந்து இறங்கியவர்களுக்குப் பெயர்ப் பட்டியலே இல்லை. உக்ரைன், லித்துவேனியா, பெலாரூஸ் பகுதிகளில் ஊருக்கு வெளியே குழி வெட்டிச் சுட்டுக் கொன்றார்கள்; அங்கும் இல்லை.

ஆக, இறந்த இடத்தில் தேடாதீர்கள். வாழ்ந்த இடத்தில், ரயில் ஏறிய இடத்தில், போருக்குப் பின் அவர்களைத் தேடி அலைந்தவர்கள் விட்டுச்சென்ற கடிதங்களில் தேடுங்கள். பிறந்த ஊர், கடைசி முகவரி, ஏற்றிச் சென்ற ரயில், அதன் பிறகு என்ன ஆனது: தேடல் இந்த வரிசையில்தான் போக வேண்டும்.

கணினியைத் திறக்கும் முன்

ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எடுங்கள். முழுப்பெயர், வீட்டில் அழைத்த பெயர், பிறந்த தேதி, தாய் தந்தை பெயர், தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயர், துணைவர் பெயர், தொழில், கடைசியாக வாழ்ந்த ஊர். இவற்றில் பிறந்த தேதியும் தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஒரே பெயரில் நூறு பேர் இருக்கும் இடத்தில் ஆளைப் பிரித்துக் காட்டுவது இந்த இரண்டும்தான்.

புகைப்படங்களின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டுடியோவின் முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்கும். கடிதங்களைவிட உறைகள் முக்கியம். அனுப்பியவர் முகவரியும் அஞ்சல் முத்திரையின் தேதியும் அதில்தான் இருக்கின்றன. போர்க்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக 25 சொற்களுக்குள் செய்தி அனுப்ப முடிந்தது. அந்தச் சிறு படிவம் வீட்டில் இருந்தால், அந்தத் தேதியில் அவர் உயிரோடு இருந்தார், எந்த முகவரியில் இருந்தார் என்பதற்கு அதுவே சான்று.

முதியவர்களிடம் ‘அவர்களுக்கு என்ன ஆயிற்று’ என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் பலர் வாயடைத்துப் போவார்கள். ‘பண்டிகைக்கு யார் யார் வீட்டுக்கு வருவார்கள்’, ‘உங்களுக்கு யார் பெயரை வைத்தார்கள்’ என்று கேளுங்கள். அஷ்கநாஸி யூதர்கள், அதாவது நடு, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள், இறந்துபோன உறவினரின் பெயரையே குழந்தைக்கு வைப்பது வழக்கம். 1947-ல் பிறந்த ஒரு பெண்ணின் எபிரேயப் பெயர், கொல்லப்பட்ட பாட்டியின் பெயராக இருப்பது மிகவும் சாதாரணம்.

உயிர்பிழைத்தவரின் கல்லறையையும் படம் எடுத்துவையுங்கள். எபிரேயக் கல்வெட்டில் தந்தையின் பெயர் இருக்கும். கல்லறையே இல்லாமல் போன சகோதரர்களின் பெயர்களையும் சில குடும்பங்கள் அதே கல்லில் பொறித்திருக்கின்றன. யூத ஆண்டு மட்டும் இருந்தால் 3760-ஐக் கழியுங்கள். செப்டம்பர்–டிசம்பருக்குள் வரும் தேதியானால் 3761. யூத ஆண்டு 5702 என்பது 1941 செப்டம்பர் முதல் 1942 செப்டம்பர் வரை.

ஒரே மனிதர், பல பெயர்கள்

தேடல் தோற்றுப்போவதற்கு முதல் காரணம் எழுத்துக்கூட்டல். ‘ஷ’ ஒலியை ஜெர்மனில் மூன்று எழுத்துகளால் எழுதுவார்கள், போலிஷில் இரண்டால், ஹங்கேரியனில் ஒன்றால். ரஷ்ய மொழியில் ‘ஹ’ ஒலி இல்லை. ஆகவே ஹிர்ஷ் கிர்ஷ் ஆவார், ஹெர்மன் கெர்மன் ஆவார். தமிழில் குறிப்பெடுக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நம் ‘ப’, ‘க’, ‘ட’ எழுத்துகள் ஒலி வேறுபாட்டை விழுங்கிவிடும். ஆவணத்தில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அப்படியே படியெடுத்துக்கொள்ளுங்கள், தமிழ் உச்சரிப்பைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தச் சிக்கலுக்காகவே 1985-ல் உருவானது டாய்ச்–மோகொட்டாஃப் ஒலிக்குறியீட்டு முறை. கிழக்கு ஐரோப்பியப் பெயர்களை ஒலியின்படி எண்ணாக மாற்றும். யூத வம்சாவளியைத் தேட உதவும் ஜூயிஷ்ஜென் போன்ற தளங்களில் ‘ஒலியால் ஒத்தவை’ என்று தேடும் வசதி இதை வைத்தே இயங்குகிறது. முதல் தேடலே இப்படி இருக்கட்டும்.

முதற்பெயருக்கு இன்னொரு கணக்கு. ஓர் ஆணுக்கு எபிரேயப் பெயரும் இத்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழி) பெயரும் சோடியாக வரும்: ஸ்வி என்றால் ஹிர்ஷ், டோவ் என்றால் பெர், ஸெயெவ் என்றால் வுல்ஃப், யெஹூதா என்றால் பெரும்பாலும் லெய்ப். அதே ஆள் அரசுப் பதிவில் ஹென்றிக் என்றோ லியோன் என்றோ இருப்பார். நாட்டு மொழிக்கேற்ப வைத்துக்கொண்ட மூன்றாவது பெயர் அது. தாளில் மூன்றையும் எழுதுங்கள்.

ஜெர்மனியில் 1939 ஜனவரி 1 முதல், யூதப் பெயர் என்று அரசு ஏற்காத பெயருடைய ஆண்கள் ‘இஸ்ரயேல்’ என்றும் பெண்கள் ‘ஸாரா’ என்றும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அந்தப் பெயர் வந்தால் வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். குடும்ப மரத்தில் அதைப் பெயரின் பகுதியாக ஏற்றியும் விடாதீர்கள். அது சட்டம் ஒட்டிய முத்திரை.

கலீசியாவில், அதாவது பழைய ஆஸ்திரியப் பேரரசின் போலிஷ்–உக்ரைன் பகுதியில், பல யூதர்கள் சமயச் சடங்கோடு திருமணத்தை முடித்துக்கொண்டார்கள், அரசிடம் பதியவில்லை. அரசின் கண்ணில் அந்தப் பிள்ளைகள் முறைப்படி பிறக்காதவர்கள். தாயின் குடும்பப்பெயரில் பதிவானார்கள். அண்ணன் தாயின் பெயரிலும் தம்பி தந்தையின் பெயரிலும் இருப்பதுண்டு. தந்தை பெயரில் யாரும் வரவில்லையா? பாட்டியின் பிறந்தவீட்டுப் பெயரில் தேடுங்கள்.

ஊரை உறுதி செய்யாமல் அடுத்த அடி வேண்டாம்

‘போலந்து’ என்பது முகவரி அல்ல. இன்று லிவீவ் எனப்படும் நகரம் 1918 வரை ஆஸ்திரியாவின் லெம்பெர்க்; போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் போலந்தின் ல்வூஃப்; 1939-ல் சோவியத்திடம், 1941-ல் ஜெர்மனியிடம், 1944-ல் மீண்டும் சோவியத்திடம்; 1991 முதல் உக்ரைன். அந்த ஊரில் பிறந்த ஒருவர் ஒரு படிவத்தில் ஆஸ்திரியர், மற்றொன்றில் போலந்துக்காரர், மூன்றாவதில் சோவியத்காரர். மூன்றும் உண்மைதான்.

ஜூயிஷ்ஜென்னின் ஊர்த் தேடலில் பெயரை ஒலியால் தேடினால், ஊரின் பழைய பெயர்கள், எந்தெந்த ஆண்டில் எந்த மாகாணம், அருகில் உள்ள யூதச் சமூகங்கள் எல்லாம் வரும். ஒரே பெயரில் பல ஊர்கள் வந்தால், ‘பக்கத்துப் பெரிய ஊர் எது, ஆறு இருந்ததா’ என்று குடும்ப நினைவில் கேட்டுப் பொருத்துங்கள். ஒருவர் தன் ஊராகச் சொல்வது, தான் பிறந்த சிற்றூருக்குப் பக்கத்து நகரத்தின் பெயராகவும் இருக்கும். 30 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள ஊர்களையும் சேர்த்துத் தேடுவது நல்லது.

ஊர் உறுதியானதும் பிறப்பு–திருமண–இறப்புப் பதிவுகள். போலந்துக்கு, யூதப் பதிவுகளைத் தொகுக்கும் ஜே.ஆர்.ஐ.–போலந்து தளத்தின் பெயர் அகரவரிசையும், போலந்து அரசு ஆவணக் காப்பகங்களின் ‘ஷுகாய் வ் ஆர்கிவாக்’ தளமும் போதுமான தொடக்கம். 100 ஆண்டு ஆகாத பிறப்புப் பதிவும் 80 ஆண்டு ஆகாத திருமண, இறப்புப் பதிவும் உள்ளூர்ப் பதிவு அலுவலகத்தில் இருக்கும். நேரடி வாரிசு என்று காட்டினால் நகல் கேட்கலாம். ரஷ்யாவின் கீழிருந்த போலந்தில் பதிவுகள் 1868-க்கு முன் போலிஷில், அதன்பின் முதல் உலகப்போர்க் காலம் வரை ரஷ்யமொழியில் எழுதப்பட்டன. கலீசியாவின் கிழக்குப் பகுதிப் பதிவுகளில் ஒரு பங்கு வார்சாவில் உள்ள பழைய ஆவணங்களின் மையக் காப்பகத்திலும், ஒரு பங்கு லிவீவிலும் கிடக்கின்றன. இரண்டு இடத்திலும் பார்த்த பிறகே ‘இல்லை’ என்று எழுதுங்கள். கடை வைத்திருந்தவர் என்றால் 1929-ன் போலந்து வணிக முகவரி ஏட்டைப் பாருங்கள். ஊர்வாரியாக, தொழில்வாரியாகப் பெயர்கள் இருக்கும்.

மூன்று பெரிய கிடங்குகள்

*யாத் வஷெம், ஜெருசலேம்.* இஸ்ரேலின் ஹோலோகாஸ்ட் நினைவகம். ஷோவாவில் (ஹோலோகாஸ்ட்டின் எபிரேயப் பெயர்) கொல்லப்பட்டவர்களின் பெயர்த் தரவுத்தளம் 2004 முதல் இணையத்தில் இருக்கிறது. சுமார் 50 லட்சம் பேரின் பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு ‘சாட்சியப் படிவங்கள்’ வழியாக வந்தது. இறந்தவரைப் பற்றி உறவினரோ நண்பரோ அண்டைவீட்டாரோ தங்கள் கையால் எழுதித் தந்த ஒரு பக்கம்.

தட்டச்சு செய்த சுருக்கத்தோடு நிறுத்தாமல், படிவத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். அடியில் எழுதிக் கொடுத்தவரின் பெயர், உறவு, தேதி, பல சமயம் முகவரியும் இருக்கும். 1950-களில் ஹைஃபாவில் இருந்த ஒருவர் உங்கள் பாட்டியின் தங்கைக்குப் படிவம் எழுதியிருக்கிறார் என்றால், உங்களுக்குத் தெரியாத ஒரு கிளை உயிர்பிழைத்திருக்கக்கூடும். அதே நபர் எழுதிக்கொடுத்த மற்றப் படிவங்களையும் தேடுங்கள். ஒரு குடும்பமே வரிசையாக வரும்.

இந்தப் படிவங்கள் நினைவிலிருந்து எழுதப்பட்டவை. பிறந்த ஆண்டு 5 ஆண்டுவரை முன்பின் ஆகலாம். இறந்த இடம் ‘ஆஷ்விட்ஸ்’ என்று இருப்பது பல இடங்களில் ஊகமே. ஒரே ஆளுக்கு வேறு வேறு உறவினர் எழுதிய மூன்று நான்கு படிவங்களும் இருக்கும். இறந்ததாகப் படிவம் எழுதப்பட்டவர் உயிர்பிழைத்து வேறொரு கண்டத்தில் வாழ்ந்த நிகழ்வுகளும் உண்டு. படிவம் கிடைத்த பிறகும் பிழைத்தோர் பட்டியலில் தேடத்தான் வேண்டும்.

*ஆரோல்சன் ஆவணக் காப்பகம், ஜெர்மனி.* 2019 வரை சர்வதேசத் தேடல் சேவை என்ற பெயரில் இயங்கியது. ஆய்வாளர்களுக்கு 2007-ல்தான் கதவு திறந்தது. சுமார் 1.75 கோடிப் பேரைப் பற்றிய தகவல் அங்கே இருக்கிறது. யூதர்கள் மட்டுமல்லாமல், கட்டாய உழைப்புக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்கள், பிற கைதிகள் எல்லோரும் அதில் அடக்கம்.

இணையத்தில் தேடும்போது பெயரோடு பிறந்த தேதியையும் போட்டுப் பாருங்கள். பிறகு பெயரை எடுத்துவிட்டுத் தேதியையும் ஊரையும் மட்டும் வைத்துப் பாருங்கள். எழுத்துப்பிழையால் ஒளிந்திருப்பவர் அப்போது வெளியே வருவார். எல்லாமும் இணையத்தில் இல்லை. ஆகவே இணையத்தில் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரு விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். கட்டணம் இல்லை. பதில் வர மாதக்கணக்கில் ஆகும். ஒருவருக்கு ஒரு விண்ணப்பம். முழுக் குடும்பத்தையும் ஒரே படிவத்தில் திணித்தால் தேடுபவருக்குக் குழப்பம்தான்.

காப்பகத்தில் கிடைக்கும் பதிவு அட்டையைப் படிக்கச் சில ஜெர்மன் சொற்கள் தேவை. ‘ஊபெர்ஷ்டெல்ட்’ என்றால் வேறு முகாமுக்கு மாற்றப்பட்டார். அடுத்த தேடல் அந்த முகாமில். ‘எவாகுயியர்ட்’, ‘அப்கெவாண்டர்ட்’ ஆகியவற்றின் நேர்ப்பொருள் ‘வெளியேற்றம்’, ‘குடிபெயர்ந்தார்’, நடந்தது நாடுகடத்தல். நகராட்சிக் குடியிருப்பு அட்டையில் ‘உன்பெகான்ட் ஃபெர்ட்ஸோகன்’, அதாவது எங்கு போனார் எனத் தெரியவில்லை என்று இருந்தால், தேதியைக் குறித்துக்கொண்டு அந்த ஊரிலிருந்து அன்று புறப்பட்ட ரயிலைத் தேடுங்கள். முகாம் இறப்புச் சான்றில் ‘மாரடைப்பு’, ‘நிமோனியா’ என்று எழுதிய காரணங்களை நம்பாதீர்கள். கொலையை மறைக்க எழுதியவை அவை.

அட்டையில் ‘டி/டி’ என்று எண் இருந்தால் அதை விடாதீர்கள். போருக்குப் பின் யாரோ ஒருவர் அந்த மனிதரைப் பற்றி விசாரித்ததால் திறக்கப்பட்ட கோப்பின் எண் அது. கேட்டவர் பெயர், முகவரி, உறவுமுறை உள்ளே இருக்கும். தேடலில் கிடைக்கும் காகிதங்களிலேயே உயிருள்ள உறவினரிடம் நேரே கொண்டுபோய்ச் சேர்ப்பது இதுதான். கைதிகளிடமிருந்து பறித்த கடிகாரம், மோதிரம், புகைப்படம் போன்றவற்றைக் குடும்பங்களிடம் திருப்பிக் கொடுக்கும் பணியையும் இதே காப்பகம் செய்கிறது. விண்ணப்பத்தில் அதையும் கேளுங்கள்.

*வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம்.* ஆரோல்சன் தொகுப்பின் முழு டிஜிட்டல் படியும் தனிப் பெயர்ப்பட்டியல்களும் அங்கே உள்ளன. லண்டனில் வீனர் ஹோலோகாஸ்ட் நூலகத்திலும் ஆரோல்சன் படி இருக்கிறது. பிரிட்டனில் இருப்பவர்களுக்கு அதுவே கிட்டத்துக் கதவு.

எந்த நாட்டிலிருந்து அனுப்பப்பட்டார்?

மேற்கு ஐரோப்பாவில் புறப்பாட்டுப் பட்டியல்கள் பெருமளவு தப்பின. சொபிபோரில் இறங்கியவர்களுக்குப் பட்டியல் இல்லை; ஆனால் நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க்கிலிருந்து சொபிபோருக்கு 1943 மார்ச் முதல் ஜூலைவரை போன 19 ரயில்களில் யார் ஏறினார்கள் என்பது தெரியும். மொத்தம் 34,313 பேர். நெதர்லாந்துக்கு ‘யோட்ஸ் மோனுமென்ட்’ தளம், பெல்ஜியத்துக்கு மெஹலென் நகரின் டோசின் படைமுகாம் நினைவகம், பிரான்ஸுக்குப் பாரிஸின் ஷோவா நினைவகம், செக் பகுதிக்குத் தெரேஸின் முன்முயற்சி நிறுவனத்தின் தரவுத்தளம், ஆஸ்திரியாவுக்கு வியன்னாவின் எதிர்ப்பியக்க ஆவணக் காப்பகம், இத்தாலிக்கு மிலானின் யூத ஆவண மையம். செக் தளத்தில் தெரேஸின் கெட்டோவின் (யூதர்களை அடைத்துவைத்த பகுதி) இறப்பு அறிவிப்புப் படிவங்களே படமாகக் கிடைக்கின்றன.

பிரான்ஸ் ஆவணத்தில் ஒரு பொறி உண்டு. பழைய இறப்புப் பதிவுகளில் ‘ட்ரான்ஸியில் இறந்தார்’ என்று, ரயில் புறப்பட்ட தேதியோடு எழுதியிருப்பார்கள். ட்ரான்ஸி புறப்பாட்டு முகாம் மட்டுமே. 1985-ன் சட்டத்துக்குப் பிறகுதான் திருத்தம் தொடங்கியது. ஜெர்மன் நீதிமன்றங்களும் காணாமல் போனவர்களை 1945 மே 8-ல் இறந்ததாக அறிவித்தன. போர் முடிந்த நாள் அது. குடும்ப மரத்தில் அதை இறந்த தேதி என்று எழுதாமல் ‘நீதிமன்ற அறிவிப்பு’ என்று எழுதுங்கள்.

ஜெர்மனியில் வாழ்ந்தவர்களுக்கு முதல் கதவு கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் நினைவேடு. கடைசி ஊர், அனுப்பப்பட்ட தேதி, சேர்ந்த இடம் கிடைக்கும். தேதி கிடைத்ததும் ரயிலின் கதையைப் படியுங்கள். 1941 நவம்பர் 27-ல் பெர்லினிலிருந்து ரீகாவுக்குக் கிளம்பிய ரயிலில் சுமார் 1,000 பேர் இருந்தார்கள். 30-ம் தேதி ரும்புலா காட்டில் எல்லோரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ரயிலில் பெயர் இருந்தால், தனி இறப்புச் சான்று இல்லாமலே நாளும் இடமும் தெரிந்துவிடுகிறது.

பெர்லின், பிராண்டன்பூர்க் குடும்பங்களுக்குப் பாட்ஸ்டாமில் உள்ள மாநிலக் காப்பகத்தின் சொத்துக் கோப்புகளை அவசியம் கேளுங்கள். நாடுகடத்தும் முன் ஒவ்வொருவரும் பல பக்கப் படிவத்தில் தம் உடைமைகளைத் தாமே எழுத வேண்டியிருந்தது: எத்தனை நாற்காலி, எத்தனை சட்டை, எவ்வளவு வாடகை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்து. பல குடும்பங்களுக்கு அந்த மனிதரின் கையெழுத்தைப் பார்க்கக் கிடைப்பது அந்த ஒரு தாளில்தான். சத்தமில்லாத ஒரு நாளில், பக்கத்தில் யாராவது இருக்கும்போது திறந்து படியுங்கள்.

கிழக்கில் நிலைமை வேறு. அங்கே நான்கு வழிகள். முதலாவது, ‘யிஸ்கோர்’ நினைவு நூல்கள்: ஊரிலிருந்து தப்பியவர்கள் சேர்ந்து இத்திஷிலும் எபிரேயத்திலும் எழுதியவை. பலவற்றின் முடிவில் இறந்தோர் பெயர்வரிசை உண்டு. ஜூயிஷ்ஜென்னில் மொழிபெயர்ப்புகளும் நியூயார்க் பொது நூலகத்தில் மூலப்படிகளும் இருக்கின்றன. இரண்டாவது, ஜெர்மன் படைகள் பின்வாங்கியதும் சோவியத்தின் சிறப்பு அரசு ஆணையம் ஊர்தோறும் எடுத்த விசாரணை அறிக்கைகள். மூன்றாவது, யாஹத்–இன் உனும் அமைப்பு கண்ணால் கண்ட கிராமத்தாரிடம் பேசிக் குறித்த கொலைக்களங்களின் வரைபடம். நான்காவது, போலந்தின் வூட்ஜ் போன்ற கெட்டோக்களில் தப்பிய குடியிருப்போர் பட்டியல்கள்.

உறவினரின் கையில் பச்சை குத்திய எண் இருந்ததா? அப்படி எண் குத்தியது ஆஷ்விட்ஸ் முகாம்களில்தான். எண்ணின் தொடக்கத்தில் ‘ஏ’ எழுத்து இருந்தால் 1944 மே மாதமோ அதன் பின்னரோ வந்தவர். எண்ணை ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகத்துக்கு எழுதினால், எந்த ரயிலில் வந்தவர்களுக்குக் கொடுத்த வரிசை என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

பிழைத்தவர்களைத் தேடுதல்

பலர் இஸ்ரேலில் பெயரை எபிரேயமாக்கிக்கொண்டார்கள். பல பெண்கள் மறுமணம் செய்துகொண்டார்கள். ஆகவே குடும்பப்பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் கைவிட்டுப் போகும். முதற்பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் மூன்றையும் வைத்துத் தேடுங்கள்.

1945–46-ல் முகாம்களில் எடுத்த உயிர்பிழைத்தோர் பட்டியல்கள், போலந்து யூதர்களின் மத்தியக் குழு பதிந்த அட்டைகள் (வார்சாவின் யூத வரலாற்று நிறுவனத்தில்), ஆரோல்சனில் உள்ள ‘சி.எம்./1’ படிவங்கள் ஆகியவை முதல் வரிசை. அகதி முகாம்களில் உதவி கேட்டவர் நிரப்பியது இந்தப் படிவம். போர்க்காலத்தில் எங்கெங்கே இருந்தேன், எந்த நாட்டுக்குப் போக விரும்புகிறேன் என்று அவரே சொல்லியிருப்பார். போகும் நாடு தெரிந்துவிட்டால் கப்பல் பயணியர் பட்டியல், குடியுரிமைக் கோப்பு என்று வழி நீளும். ‘ஜாயின்ட்’ எனப்படும் அமெரிக்க யூத நிவாரண அமைப்பின் பெயர்த் தரவுத்தளத்தையும், 50,000-க்கும் மேற்பட்ட காணொளிச் சாட்சியங்கள் உள்ள ஷோவா அறக்கட்டளையின் தொகுப்பையும் பாருங்கள். பேசியவர் மட்டுமல்ல, பேச்சில் வந்த உறவினர் பெயர்களும் அதில் தேடக் கிடைக்கும். பெற்றோரை விட்டுப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்ட சுமார் 10,000 குழந்தைகளில் ஒருவர் என்றால், வேர்ல்ட் ஜூயிஷ் ரிலீஃப் அமைப்பிடம் கோப்பு கேளுங்கள்.

ஆசியாவையும் மறக்க வேண்டாம். ஜெர்மன் கடவுச்சீட்டோடு இங்கே வந்த அகதிகளை, போர் மூண்டதும் பிரிட்டிஷ் அரசு எதிரி நாட்டவர் என்று அடைத்தது. யூதக் குடும்பத்தில் பிறந்து பௌத்தத் துறவியான ஞானபோனிக தேரர் இலங்கையில் தியத்தலாவ முகாமிலும் பிறகு டேராடூனிலும் அடைபட்டிருந்தார். இத்தகைய வழியில் வந்தவர் என்றால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் அந்நியர் அட்டைகளும், இந்தியத் தேசிய ஆவணக் காப்பகமும் பார்க்க வேண்டியவை.

மரபணுச் சோதனை கடைசிக் கருவி. அஷ்கநாஸி யூதர்கள் நூற்றாண்டுகளாகத் தங்களுக்குள்ளேயே மணம் செய்தவர்கள். ஆகவே சோதனையில் ஆயிரக்கணக்கான ‘உறவினர்’ வருவார்கள். உறவு உண்மையில் இருப்பதைவிட நெருக்கமாகக் காட்டும். இருவரும் பகிரும் மரபணுவின் மொத்த அளவைவிட, அதில் மிக நீளமான ஒற்றைத் துண்டு எவ்வளவு என்று பாருங்கள். குடும்பத்தின் மூத்த தலைமுறையில் உயிரோடு இருப்பவரை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். நியூயார்க்கில் உள்ள யூத வரலாற்று மையத்தின் திட்டம் பிழைத்தோருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் சோதனைப் பெட்டியை இலவசமாகத் தருகிறது.

உயிருள்ள உறவினர் ஒருவர் கிடைத்தால் முதல் தொடர்பு கடிதமாக இருக்கட்டும், தொலைபேசி வேண்டாம். நீங்கள் யார், எந்த ஆவணத்தில் அவர் பெயரைக் கண்டீர்கள், என்ன உறவு என்று கருதுகிறீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, பதில் சொல்லும் முடிவை அவரிடமே விடுங்கள். தாய்க்கு முதல் கணவரும் குழந்தைகளும் இருந்தார்கள் என்பதை அந்த வீட்டில் யாருமே அறியாமல் இருக்கலாம்.

கிடைத்ததை எழுதிவைக்கும்போது

ஒவ்வொரு தகவலுக்கும் மூன்றைக் குறியுங்கள்: எந்த ஆவணம், எந்தக் காப்பகத்தின் எந்த எண், அதை எழுதியவர் நேரில் அறிந்தவரா அல்லவா. முரண்பட்டால் நிகழ்ச்சி நடந்த காலத்தில் எழுதிய பதிவுக்கு முன்னிடம் கொடுங்கள். ஆனால் முகாமில் கைதியே சொன்ன வயதில் எச்சரிக்கை தேவை. வேலைக்கு எடுக்கப்பட்டு உயிர்பிழைக்கச் சிறுவர்கள் வயதைக் கூட்டியும் முதியவர்கள் குறைத்தும் சொன்னார்கள். எங்கே, எந்தத் தேதியில், எந்த எழுத்துக்கூட்டலில் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் பதியுங்கள். தரவுத்தளங்கள் வளர்ந்துகொண்டே இருப்பதால் ஆண்டுக்கு ஒருமுறை அதே பட்டியலோடு திரும்பப் போங்கள்.

யாத் வஷெமில் உங்கள் உறவினருக்குப் படிவமே இல்லையென்றால் அதை நீங்கள் நிரப்பலாம். நேரில் பார்த்தவராக இருக்க வேண்டியதில்லை. இணையத்திலேயே எழுதலாம், புகைப்படமும் சேர்க்கலாம். ஒருவருக்கு ஒரு படிவம், கைக்குழந்தைக்கும் தனிப்படிவம். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள், ஊகத்தை நிரப்பாமல் காலியாக விடுங்கள். உங்கள் தொடர்பு விவரத்தைத் தெளிவாகக் கொடுங்கள். உலகத்தின் மறுகோடியில் இதே பெயரைத் தேடுகிறவர் படிவத்தின் அடிப்பகுதியைப் பார்த்துத்தான் உங்களைக் கண்டுபிடிப்பார்.